பவுடர் அக்கா

போன வாரம் சாப்பாட்டு மேஜையிலிருந்து பறந்த கரண்டி யார் மேலும் படவில்லை. ஆனால் அது விழுந்த சத்தம் இன்னும் அந்த வீட்டை விட்டுப் போகவில்லை.

அன்றிலிருந்து அக்காவும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை. நடுவில் அம்மாதான் தபால்காரர். "குளியலறை காலியான்னு உன் அக்கா கேக்கறா" என்று அம்மா சொல்வாள். இரண்டடி தள்ளி நிற்கும் தம்பி, "காலின்னு சொல்லும்மா" என்பான். இரண்டு பேருக்கும் தலை நரைத்துவிட்டது. கோபத்துக்கு மட்டும் வயது ஏறவில்லை.

சண்டை பின்பக்க அறைக்காக. காலமான அப்பா தன் கையால் கட்டிய அறை அது. மேலே சாம்பல் நிறத்தில் நெளிநெளியாக சிமெண்ட் ஷீட். அப்பாவுக்குத் தொழிலே ஊரார் வீட்டுக்கெல்லாம் ஷீட் போடுவதுதான். தன் வீட்டுக்குப் போட்டபோது மட்டும் கூலியாக அம்மாவிடம் இரண்டு டம்ளர் டீ வாங்கிக் குடித்தார் என்பது குடும்பத்தில் வழிவழியாக வரும் ஜோக்.

அந்த அறையை இடித்துவிட்டு அம்மாவுக்கு ஒரு படுக்கையறையும், அதை ஒட்டி ஒரு குளியலறையும் கட்டப் போகிறான் தம்பி. அம்மாவின் முழங்கால் மாடிப்படியைப் பார்த்தாலே மக்கர் பண்ணுகிறது. நியாயமான காரணம்தான். அக்காவுக்கும் அது தெரியும். தெரிந்ததால்தான் கரண்டி பறந்தது. பதில் இருந்திருந்தால் வாயாலேயே சொல்லியிருப்பாள்.

அன்று காலை தம்பி அடுப்படியில் நின்றுகொண்டு அம்மாவிடம் பேசினான். அம்மாவுக்குக் காது நன்றாகவே கேட்கும். அவன் போட்ட சத்தம் கூடத்தில் உட்கார்ந்திருந்த அக்காவுக்காக.

"இன்னிக்கு எனக்கு லீவு. மத்தியானம் நம்ம கேரம் பசங்க ஃபாலோவும் மைனஸும் வர்றாங்க. கடைசியா ஒரு ஆட்டம். முடிஞ்சதும் நாங்களே கூரையை உடைக்கப் போறோம். ஆளுக்கொரு சுத்தியல்."

"கூலிக்கு ஆள் சொல்லியிருக்கேன்னியே."

"சுவருக்குத்தான் அவங்க. கூரை எங்களுக்கு. அதுக்குக் கீழேயே கிடந்தவங்கம்மா நாங்க. எங்க கையாலதான் அது போகணும்."

அம்மா அடுப்பைத் தணித்தாள். அவன் தானாகவே சிரித்தான்.

"இன்னொண்ணு கேளு. இடிக்க அனுமதி கேட்டப்போ போன்ல ஒரு ஆபீசர், உங்க கட்டடத்துல கல்நார் இருக்கான்னாரு. கல்லும் இல்ல, நாரும் இல்ல சார், சுத்தமான செங்கல்னேன். சரின்னு வெச்சுட்டாரு. கல்லுல நார் உரிக்கிற ஆள்தான் வேணும்னா எங்க டிப்போ மேனேஜர் இருக்காரு, அனுப்பவான்னு கேக்க வாய் வரைக்கும் வந்துச்சு."

தம்பிக்கு பஸ் டிப்போவில் நேரம் குறிக்கிற வேலை. அந்த மேனேஜரிடம் ஒரு நாள் லீவு வாங்குவதற்குள் அவனுக்கு உயிர் போய் உயிர் வரும். அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். அக்காவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவன் பார்த்துவிடக் கூடாதே என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு காபியைக் குடித்தாள்.

அக்காவுக்கு வேலை பெண்கள் பள்ளிக்கூடத்து வேதியியல் ஆய்வகத்தில். கண்ணாடிக் குடுவைகளைக் கழுவுவது, அமிலப் புட்டிகளுக்குப் பேர் ஒட்டுவது, பிள்ளைகள் விரலைச் சுட்டுக்கொண்டால் ஊதிவிடுவது. அன்று உள்ளே நுழைந்ததும் தலைமையாசிரியை அவளைப் பிடித்துக்கொண்டார்.

"குடுவைக்கு அடியில வெச்சு சூடு பண்றோமே, நடுவுல வெள்ளையா பூசின கம்பி வலை, அதெல்லாம் எடுத்து ஓரமா வையுங்க. அதுல கல்நார் இருக்காம். பழசை எப்படி அப்புறப்படுத்தணும்னு ஏதோ சட்டம் இருக்காம். என்னன்னு கேட்டுட்டு வாங்க. குப்பைல மட்டும் போட்டுடாதீங்க."

"கல்நார்னா என்னங்க மேடம்?"

"கல்லுல இருந்து எடுக்கற நார். தீயில எரியாது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

ஒரே காலையில் அந்த வார்த்தையை இரண்டாவது முறையாகக் கேட்கிறோமே என்று மட்டும் அவளுக்குத் தோன்றியது. வலையையும் தன் வீட்டையும் அவள் சேர்த்துப் பார்க்கவில்லை. எப்படிப் பார்ப்பாள்? தீயில் எரியாத நாருக்கும் அவளுடைய செங்கல் வீட்டுக்கும் என்ன சம்பந்தம்?

முதலில் நகராட்சிக்குப் போன் போட்டாள். குப்பைப் பிரிவில் எடுத்தவர், "ரசாயனம்னா நாங்க இல்லைங்க, சுகாதாரம்" என்றார். சுகாதாரத்தில், "கம்பின்னு சொல்றீங்களே, பழைய இரும்புதானே?" என்றார்கள். இல்லை, கல்நார் என்றாள். "அப்ப கட்டடப் பிரிவு." கட்டடப் பிரிவுக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதுல கட்டடம் எங்கம்மா இருக்கு? குப்பைப் பிரிவைக் கேளுங்க" என்று அவளைப் புறப்பட்ட இடத்திலேயே கொண்டுவந்து விட்டார். ஒரு சட்டம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வதற்குள் அந்தச் சட்டத்துக்கே வயதாகிவிடும் போலிருந்தது.

கடைசியில் யாரோ ஒரு புண்ணியவான், "சுற்றுச்சூழல் அலுவலகத்துக்கு நேர்ல போங்க, அங்க விதிமுறைப் புத்தகம் வெச்சிருப்பாங்க" என்றார். தலைமையாசிரியையிடம் சொல்லிக்கொண்டு பஸ் ஏறினாள்.

ஜன்னலோர இருக்கை கிடைத்தது. பஸ் கிளம்பியதும் மனசு அவளைக் கேட்காமலே பின்பக்க அறைக்குப் போய்விட்டது.

அந்த அறையைக் கட்டியபோது சாமான் வைக்கத்தான் கட்டினார் அப்பா. ஆனால் யாரோ கொடுத்த பழைய கேரம் போர்டு ஒன்று உள்ளே வந்தது. அதன்பின் சாமான்கள் ஒவ்வொன்றாக வெளியே போயின. ஞாயிற்றுக்கிழமை என்றால் வாசலில் செருப்பு குவிந்துவிடும். சிவப்புக் காயான ரெட்டைப் போட்டுவிட்டு, அதை உறுதி செய்ய அடுத்து போட வேண்டிய 'ஃபாலோ' காயைத் தவறாமல் கோட்டை விடுகிறவன் ஃபாலோ. ஸ்ட்ரைக்கரையே குழிக்குள் தள்ளி, சேர்த்ததையெல்லாம் அபராதமாகத் திருப்பி வைக்கிறவன் மைனஸ். இருவருடைய சொந்தப் பேரும் அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது.

மழை பெய்தால்தான் அந்த அறைக்கு உயிர் வரும். ஷீட்டின் மேல் மழை விழுகிற சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. பாயிண்ட்டை விரலால் காட்டுவார்கள். அப்பா வேலையிலிருந்து நனைந்துகொண்டே வந்து, உட்கார்ந்தவர்கள் யாரையும் எழுந்திருக்க விடாமல், கதவோரமாக நின்று ஆட்டத்தைப் பார்ப்பார். நல்ல அடி விழுந்தால் அவருடைய ஒரு புருவம் மட்டும் மேலே போகும். அந்தப் புருவத்துக்காகவே தம்பி ராப்பகலாகப் பழகினான்.

பையன்கள் ஆட்டத்தில் அவளைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் அவள் இல்லாமல் ஆட்டமும் இல்லை. ஏனென்றால் பவுடர் அவளிடம்தான் இருந்தது. கடையில் கேரம் பவுடர் வாங்கித் தர அந்த வீட்டில் யாருக்கும் மனம் வராது. அப்பா வெட்டியது போக மிஞ்சிய ஷீட் துண்டுகள் சுவரோரம் சாய்ந்து கிடக்கும். ஒரு துண்டைக் கருங்கல்லில் வைத்துத் தேய்ப்பாள். உதிர்கிற மாவை அம்மாவின் பழைய சேலைத் துணியில் சலிப்பாள். காலியான முகப்பவுடர் டப்பாவில் அடைத்து வைப்பாள். போர்டில் ஒரு சிட்டிகை தூவி அவள் 'உஃப்' என்று ஊதினால் காய் வழுக்கிக்கொண்டு ஓடும். தெருவே அவளைப் பவுடர் அக்கா என்றது. அவளைவிடப் பெரியவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

அவளுக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே பட்டம் அது. அந்த அறை போய்விட்டால் பட்டமும் போய்விடும் என்று அவளுக்குத் துக்கமாக இருந்தது. பஸ்ஸில் யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நடத்துனர் பார்த்துவிட்டு, பாக்கிச் சில்லறையைச் சத்தமில்லாமல் கையில் வைத்துவிட்டுப் போனார்.

சுற்றுச்சூழல் அலுவலகத்தில் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்ட ஒரு அம்மாள் இருந்தார். கம்பி வலை என்றதும் அலமாரியிலிருந்து மெல்லிய புத்தகம் ஒன்றை எடுத்துத் தந்தார்.

"கல்நார் விதிமுறைகள். இங்கேயே உக்காந்து படிச்சுக்குங்க. பள்ளிக்கூடம்னா ஆறாவது பக்கம்."

அக்கா முதல் பக்கத்திலிருந்தே படித்தாள். அது அவளுடைய பழக்கம், மருந்துச் சீட்டைக்கூட டாக்டர் பேரிலிருந்துதான் படிப்பாள். எந்தெந்தப் பொருள்களில் கல்நார் இருக்கலாம் என்று முதல் பக்கத்தில் போட்டிருந்தது. சூடு தாங்கும் துணி, பழைய தண்ணீர்க் குழாய், நெளிவுக் கூரைத் தகடு.

"இது என்னங்க, நெளிவுக் கூரைத் தகடு?"

"நீங்க நான் எல்லாம் சிமெண்ட் ஷீட்னு சொல்றோமே, அதுதான். வெறும் சிமெண்ட்ல அவ்வளவு மெல்லிசா தகடு நிக்குமா? உள்ள நார் கலந்தாத்தான் நிக்கும். பழைய ஷீட்டுல எல்லாம் இந்த நார்தான்."

அக்காவின் விரல் அந்த வரியிலேயே நின்றது. கல்லும் இல்ல, நாரும் இல்ல சார். காலையில் அதற்குத் தானும் சிரித்தது அவளுக்கு நினைவு வந்தது.

"அதை உடைச்சா என்ன ஆகும்?"

"உடைக்கவே கூடாதும்மா. விரிசல் இல்லாம சும்மா கிடந்தா அது பாட்டுக்குக் கிடக்கும். எடுக்கணும்னா தண்ணி விட்டு நனைக்கணும், போல்ட்டைக் கழட்டி முழுசா இறக்கணும், கனமான பாலித்தீன்ல சுத்திக் கொடுத்துடணும். அதுக்குன்னு அனுமதி வாங்கின ஆளுங்க இருக்காங்க. உடைக்கிறப்ப, வெட்டறப்ப, தேய்க்கிறப்ப கிளம்புற தூசிதான் ஆபத்து. கண்ணுக்கே தெரியாது. உள்ள போய் நுரையீரல்ல தங்கிடும். என்னிக்கோ போனது என்னிக்கோ வேலையைக் காட்டும்."

தேய்க்கிறப்ப என்று அவர் சொன்னது அக்காவின் காதில் விழுந்தது. இப்போது அதை நினைக்கக் கூடாது என்று தள்ளி வைத்தாள். முதலில் வீடு.

தம்பிக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. அவளோடு பேசுவதில்லை என்ற வீராப்பாக இருக்கலாம். ஆட்ட மும்முரமாகவும் இருக்கலாம். அம்மாவின் போன் வழக்கம்போல் சார்ஜ் இல்லாமல் எங்காவது தலையணைக்கு அடியில் கிடக்கும். புத்தகத்தைக் காட்டி, "இதை எடுத்துட்டுப் போகலாமா?" என்றாள்.

கண்ணாடி அம்மாள் அவள் முகத்தைப் பார்த்தார். "எடுத்துட்டுப் போங்க. வேற இருக்கு" என்றார்.

வீட்டுக்குள் செருப்போடு ஓடினாள். அம்மா திட்டக்கூட மறந்து பார்த்தாள். பின்பக்க அறையில் ஆட்டம் முடிந்துவிட்டிருந்தது. போர்டைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். வெளியே ஏணி. அதன் உச்சியில் மைனஸ், கையில் சுத்தியலோடு. இப்போது ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவன், நல்ல தொப்பை. கீழே மூக்குக் கண்ணாடிக் கடைக்கார ஃபாலோ ஏணியைப் பிடித்தபடி செல்போனைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தான். தம்பி தன் சுத்தியலைத் தோளில் வைத்திருந்தான்.

"கீழ இறங்கு" என்றாள் அக்கா.

"போட்டோவுக்குத்தான் அக்கா. ஒரே ஒரு அடி."

"ஒரு அடியும் வேணாம். இறங்குடா."

மைனஸ் அந்தக் குரலுக்குச் சிறுவயதிலிருந்தே பயப்படுவான். இறங்கினான். தம்பி மட்டும் அசையவில்லை. அடுப்படிப் பக்கம் திரும்பி, உள்ளே இருந்த அம்மா வழியாகவே தபால் போட்டான்.

"அம்மா, இதெல்லாம் ஏற்கெனவே பேசி முடிச்சாச்சுன்னு உன் பொண்ணுகிட்ட சொல்லு."

"இந்த ஷீட்டுல கல்நார் இருக்கு" என்றாள் அக்கா. "உடைச்சா வர்ற தூசி நெஞ்சுக்குள்ள போய் உக்காந்துக்கும். உடைக்கக் கூடாதுன்னு சட்டமே இருக்கு. இதோ."

தம்பி புத்தகத்தை வாங்கி அட்டையைப் பார்த்தான். "கல்நார்னு போட்டிருக்கு. இது சிமெண்ட். அம்மா, அதையும் சொல்லு."

"அதுக்குப் பேர்தான்டா கல்நார். முதல் பக்கத்தைப் படி. ஆபீசர் உன்கிட்ட கேட்டது இதைத்தான்."

அவன் படித்தான். காது நுனி சிவந்தது. ஆனால் அவ்வளவு லேசில் இறங்கிவருகிற ரத்தம் இல்லை அந்தக் குடும்பத்தில்.

"போன வாரம் ஞாபகம்னு சொன்னா. இந்த வாரம் சட்டம்ங்கறா. அடுத்த வாரம் என்ன, கோர்ட்டா? இந்த ரூமை இடிக்க விடக்கூடாது, அதுதானேம்மா அவளுக்கு வேணும்? அதுக்கு எங்கேயோ போய் ஒரு புத்தகத்தைப் பிடிச்சுட்டு வந்திருக்கா. நீ மாடிப்படியில கஷ்டப்பட்டாலும் பரவாயில்லை, அவளுக்கு ரூம் இருக்கணும்."

அக்காவுக்குப் புரிந்துவிட்டது. எத்தனை பக்கம் படித்துக் காட்டினாலும் அவன் நம்பப் போவதில்லை. அந்த அறை மேல் அவளுக்கு ஆசை இருக்கிறவரை அவள் வாயிலிருந்து வருகிற சட்டம் எடுபடாது. அவன் மேலும் தப்பில்லை. போன வாரம் அவள் நடந்துகொண்ட லட்சணம் அப்படி.

திறந்த கதவு வழியாக உள்ளே கூரையை ஒருமுறை பார்த்தாள். பல்பு தொங்கிய கொக்கி இன்னும் இருந்தது.

"ரூம் போகட்டும்" என்றாள்.

தம்பி நிமிர்ந்தான்.

"நிஜமாத்தான் சொல்றேன். இந்த ரூம் வேணாம். சீக்கிரமே எடுத்துடு. அம்மாவுக்கு நல்லபடியா கட்டு, நானும் கூட நின்னு வேலை பாக்கறேன். இனிமே இதைப் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டேன். ஆனா நீ உடைக்கக் கூடாது. தெரிஞ்ச ஆளுங்க வந்து நனைச்சுக் கழட்டட்டும். எனக்கு இந்த ரூம் வேணும்தான். அதைவிட நீ மூச்சு விடறது வேணும்."

சொல்லி முடித்ததும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. எதற்கென்று பிரித்துச் சொல்ல அவளால் முடிந்திருக்காது.

"நிஜமாவாக்கா?" என்றான் தம்பி.

இந்த ஒரு வாரத்தில் அவன் அவளைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"அம்மாவோட முட்டி மேல சத்தியம்."

"அந்த முட்டி மேலயா? ஏற்கெனவே அது தாங்க மாட்டேங்குது" என்றான் அவன். சொல்லிக்கொண்டே சுத்தியலைத் தரையில் மெதுவாக வைத்தான், அதுவே தூசி கிளப்பிவிடுமோ என்பது போல. "அந்த ஆபீசருக்கு இப்பவே போன் போடறேன். இருக்குன்னு சொல்லிடறேன். அவர் சிரிக்கட்டும்."

ஃபாலோதான் முதலில் கேட்டான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, யாரையும் பார்க்காமல்.

"அக்கா, அப்ப நம்ம பவுடர்?"

வழியெல்லாம் அவள் தள்ளித் தள்ளி வைத்த கேள்வி. இப்போது அதற்கு ஓட இடமில்லை.

"அதுவும் அதுதான்" என்றாள். "நான்தான் தேய்ச்சேன். நான்தான் ஊதினேன். தூசி பட்டவங்க எல்லாருக்கும் நோய் வந்துடும்னு இல்லைன்னு புத்தகத்துல போட்டிருக்கு. டாக்டர்கிட்ட போய், இந்த மாதிரி தூசில இருந்தோம்னு சொல்லிடணுமாம். எல்லாரும் சேர்ந்தே போலாம்."

ஃபாலோ கண்ணாடியை மாட்டிக்கொண்டான். மைனஸ்தான் பேச்சை எடுத்தான்.

"அக்கா பவுடர் போட்ட அழகு தெரியாதா? கெஞ்சினாலும் ஒரு சிட்டிகைக்கு மேல தரமாட்டாங்க. அந்தக் கஞ்சத்தனம்தான் நம்மளைக் காப்பாத்தியிருக்கும்."

தம்பி சிரித்தான். ஃபாலோ சிரித்தான். அக்காவும் கண்ணீரோடு சிரித்தாள். பெரிய கண்டம் ஒன்று அந்த வீட்டு வாசல்வரை வந்து திரும்பிப் போனது போல எல்லோருக்கும் இருந்தது.

அப்போதுதான் அம்மாவைப் பார்த்தார்கள். டீத் தட்டோடு கதவோரமாக நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. அவள் மட்டும் சிரிக்கவில்லை.

"வெட்டறப்ப வர்ற தூசியா?"

"ஆமாம்மா" என்றாள் அக்கா. அந்தத் தட்டை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினாள். அம்மா தரவில்லை.

"உங்கப்பா காலம் பூரா அதைத்தானே வெட்டினாரு."

அங்கே நின்ற நான்கு பேருக்கும் அது அதுவரை தோன்றவே இல்லை.

"கடைசி வருஷம் படுத்தா மூச்சு முட்டும்னு உக்காந்துக்கிட்டே தூங்கினாரு. சிகரெட் குடிப்பாரான்னு டாக்டர் கேட்டாரு. ஆமான்னேன். என்ன வேலை பாக்கறாருன்னு அவர் கேக்கல. நானும் சொல்லல." அம்மா நிறுத்தி, மூச்சு வாங்கிக்கொண்டாள். "நான் சிகரெட்டை விட்டு வருஷக் கணக்காச்சுடின்னு தலையில அடிச்சு சத்தியம் பண்ணினாரு. நான் நம்பல. திருட்டுத்தனமா குடிச்சுக் குடிச்சு என்னை நடுத்தெருவுல விட்டுட்டுப் போறீங்கன்னு கடைசி வரைக்கும் திட்டினேன். கடைசி நாள்கூட."

"அம்மா, அதுதான் காரணம்னு இப்ப யாரும் சொல்ல முடியாதும்மா" என்றான் தம்பி.

"உன் அக்காவைக் கேக்கறேன். அதுவா இருக்குமா?"

"தெரியலம்மா" என்றாள் அக்கா. ஒரு பொய் நாக்கு வரை வந்தது. முடியவில்லை. "நிஜமாவே தெரியல."

அம்மா தலையாட்டினாள். சாய்த்து வைத்திருந்த கேரம் போர்டுக்குப் பக்கத்தில் தட்டைத் தரையில் வைத்தாள். குனியும்போது முழங்கால் வலித்திருக்கும், காட்டிக்கொள்ளவில்லை.

"அப்ப நாளைக்கும் அந்த ஆபீசுக்குப் போ. அந்தச் சட்டத்துல எங்கேயாவது வேலை செஞ்சவங்களைப் பத்தி ஏதாவது எழுதியிருக்கும். கேட்டுட்டு வா. உங்கப்பாகிட்ட மன்னிப்புக் கேக்கறதுன்னா, எதுக்குன்னு தெரிஞ்சு கேக்கணும்டி."